நெட் இல்லாத ஊருக்கு ஒரு 32கே கம்ப்யூட்டர்

இந்த முறை நம்ம என்.எஸ்.எஸ் முகாம் ஜவ்வாது மலையில். ஏழு நாள். மரக்கன்று நடுவது, பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது எல்லாம் வழக்கம்போல உண்டு. கூடவே கம்ப்யூட்டர் கிளப்புக்குத் தனியாக ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் இருக்கும் ஐந்து பழைய டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு, ஆறாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஏதாவது சொல்லித்தர வேண்டும்.

போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறியவர்களுக்குத் தெரியும், பாதி மலையிலேயே மொபைலில் டவர் வருவதும் போவதுமாக இருக்கும். உள்ளே இருக்கிற ஊர்களில் கேட்கவே வேண்டாம். நாம் கீழே பழகியது எல்லாமே நெட்டை நம்பி இருக்கிறது. யூடியூப் பாடம், ஆன்லைன் கம்பைலர், கோடிங் கேம், எதுவுமே அங்கே திறக்காது. நெட் இல்லாத கம்ப்யூட்டர் வெறும் டப்பா என்று அங்கிருப்பவர்களும் முடிவு செய்துவிட்டதால் அந்த லேப் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது.

அந்தப் பூட்டைத் திறக்கத்தான் இந்தக் கட்டுரை. மலைக்கு வரப்போகிறவர்கள் இதைப் படித்து, ஒரு மாலை உட்கார்ந்து பழகிக்கொண்டு வாருங்கள். வராதவர்களும் படிக்கலாம், விளையாட்டுதானே!

நாம் கொண்டுபோகப் போவது பிபிசி மைக்ரோ. 1981 டிசம்பரில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற கம்பெனி வெளியிட்ட வீட்டுக் கம்ப்யூட்டர். பிபிசி தொலைக்காட்சி மக்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஒரு தொடர் எடுத்தது, அதற்குத் துணையாக வந்த மெஷின் இது. 6502 ப்ராசசர், 2 மெகாஹெர்ட்ஸ் வேகம். மாடல் பி-யில் மெமரி 32கே. எம்பி இல்லை நண்பர்களே, கே. நீங்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் குட்மார்னிங் படம்கூட இதைவிடப் பெரிசாக இருக்கும்.

வெளிநாட்டு மெஷின் நமக்கு எதற்கு என்று கேட்டால், இது நம்ம ஊர் பள்ளிகளுக்கும் வந்து போன மெஷின்தான். 1984-85ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டம் தொடங்கியது. கம்ப்யூட்டர் லிட்டரசி அண்ட் ஸ்டடீஸ் இன் ஸ்கூல்ஸ் என்பதன் சுருக்கம். முதல் கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்குப் போனது இந்த பிபிசி மைக்ரோதான். பிறகு மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இதையே இங்கே செய்தது. இன்றைக்கு ஐம்பது வயதைத் தொடுகிற உங்கள் பேராசிரியர்களில் யாராவது ஒருவர் பள்ளியில் இதைத் தொட்டிருக்க வாய்ப்பு உண்டு. கேட்டுப் பாருங்கள், வைவா மார்க்குக்கும் உதவும்.

இன்னொரு விஷயம். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் மொபைலின் ஏஆர்எம் ப்ராசசர் இந்த வீட்டில் பிறந்த பிள்ளை. ஏகார்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அதை வடிவமைத்தபோது, அதன் கட்டளைத் தொகுப்பை முதலில் பிபிசி பேசிக்கில் எழுதி, ஒரு பிபிசி மைக்ரோவில்தான் ஓட்டிப் பார்த்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் வேலை செய்தபோதும் அது ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு பிபிசி மைக்ரோவோடுதான்.

சரி, மெஷினைப் போடுவோம்.

எமுலேட்டர்

நிஜ மெஷின் தேட வேண்டாம். ஒருவேளை உங்கள் பழைய பள்ளி ஸ்டோர் ரூமில் ஒன்று கிடைத்தால், தயவுசெய்து ஆசையில் ப்ளக்கில் சொருகிவிடாதீர்கள். அதன் பவர் சப்ளையில் மெயின்ஸ் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் உண்டு. நாற்பது வருடத்தில் அதன் மேலுறை விரிசல் விட்டிருக்கும், கரண்ட் கொடுத்த சில நிமிடத்தில் நாற்றத்தோடு புகை கக்கும். முதலில் அதைக் கழற்றி மாற்ற வேண்டும், அதுவும் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது.

எமுலேட்டருக்கு இரண்டு வழி. கீழே ஹாஸ்டலில் பழகுவதற்கு ‘ஜேஎஸ்பீப்’ போதும், பிரவுசரிலேயே ஓடும். எழுதியவர் மேட் காட்போல்ட். கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்று நாம் அசெம்பிளி பார்க்கப் போகிறோமே, அதே ஆள். மலைக்கு எடுத்துப்போக ‘பீப்எம்’. விண்டோஸில் இன்ஸ்டால் ஆகும், இலவசம், நெட் தேவையில்லை. பென்டிரைவில் எமுலேட்டரும் சில டிஸ்க் இமேஜ்களும் போட்டால் முடிந்தது. ஒரு டிஸ்க் இமேஜ் 100கே அல்லது 200கே, அவ்வளவுதான். கேம்களில் பலவற்றுக்கு இன்னும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே எழுதியவரே இலவசமாக வெளியிட்டதை எடுங்கள். உதாரணமாக ‘எலைட்’ கேமை அதை எழுதிய இருவரில் ஒருவரான இயன் பெல் தன் தளத்திலேயே வைத்திருக்கிறார்.

திறந்ததும் இரண்டு சுரத்தில் ஒரு பீப். கருப்புத் திரையில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’ என்று ஒரு வரி, கீழே ‘பேசிக்’ என்று ஒரு வரி, அதன் கீழே ஒரு அம்புக்குறி. ஐகான் கிடையாது, மெனு கிடையாது. மவுஸைத் தள்ளி வையுங்கள். கம்ப்யூட்டர் உங்களைப் பார்த்து ‘சொல்லு’ என்று நிற்கிறது. என்னைக் கேட்டால் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் திரை கிடையாது.

ஏதாவது தப்பாக அடித்து என்டர் தட்டுங்கள். ‘மிஸ்டேக்’ என்று ஒரே ஒரு வார்த்தை வரும். அவ்வளவுதான், ஒன்றும் கெட்டுப்போகாது. பிள்ளைகளுக்கு முதல் ஐந்து நிமிடம் இதையே விளையாட்டாக விடுங்கள். யார் பெயரை அடித்தாலும் மெஷின் மிஸ்டேக் என்று சொல்லும், வகுப்பே சிரிக்கும். கீபோர்டைத் தொட்டால் உடைந்துவிடும் என்ற பயம் அதிலேயே போய்விடும்.

கீ எங்கே இருக்கிறது?

புதிதாக வருபவர்கள் முட்டி நிற்கும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பிபிசி மைக்ரோவின் கீபோர்டும் நம் கீபோர்டும் எழுத்துகளில் ஒன்று, குறிகளில் வேறு. அதில் மேற்கோள் குறி ஷிப்டும் 2-ம். கோலன், எல் எழுத்துக்கு வலது பக்கம் இரண்டாவது கீ. அதையே ஷிப்டோடு அழுத்தினால் நட்சத்திரக் குறி. நம் கீபோர்டில் அந்த இடத்தில் இருப்பது ஒற்றை மேற்கோள் கீ.

அதனால் எமுலேட்டரில் கீபோர்டை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று, எழுத்துப்படி. நீங்கள் அழுத்தும் கீயில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுவே திரையில் வரும். இன்னொன்று, இடப்படி. பழைய மெஷினில் அந்த இடத்தில் என்ன கீ இருந்ததோ அது வரும். ப்ரோக்ராம் அடிக்கும்போது எழுத்துப்படி வையுங்கள், கேம் ஆடும்போது இடப்படி. ஏன் என்று அடுத்த பகுதியில் புரியும்.

‘பிரேக்’ என்ற கீ நம் கீபோர்டில் எஃப் 12. சிவப்பு நிறத்தில் இருந்த ஃபங்ஷன் கீகளில் பூஜ்யமாவது, எஃப் 10. ரிட்டர்ன் என்றால் நம் என்டர். டிஸ்க்கில் இருக்கும் கேமைத் தொடங்க ஷிப்டை அழுத்திப் பிடித்து, பிரேக்கைத் தட்டிவிட்டு, கொஞ்சம் கழித்து ஷிப்டை விடுங்கள். முக்கால்வாசி கேம் தானே ஓடும். டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க நட்சத்திரம் போட்டு ‘கேட்’. ஒரு டிஸ்க்கில் அதிகபட்சம் 31 ஃபைல், ஒவ்வொரு பெயருக்கும் ஏழு எழுத்து. குறிப்பிட்ட ஒன்றை ஓட்ட ‘செயின்’ என்று அடித்து மேற்கோள் குறிக்குள் அதன் பெயர்.

அப்போது வீடுகளில் கேசட்டில்தான் கேம் வரும். வெறும் ‘செயின்’ அடித்து, இரண்டு மேற்கோள் குறி போட்டு, டேப் ரெக்கார்டரில் பிளே அழுத்தினால் நிமிடக் கணக்கில் கீச்சிட்டுக்கொண்டே ஏறும். அந்த அனுபவத்தை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம், ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

இசட், எக்ஸ், கோலன், ஸ்லாஷ்

இன்றைய பிசி கேமில் டபிள்யூ-ஏ-எஸ்-டி எப்படியோ, பிபிசி மைக்ரோவில் இந்த நான்கு. இசட் இடது, எக்ஸ் வலது, கோலன் மேலே, ஸ்லாஷ் கீழே. சுட வேண்டுமானால் பெரும்பாலும் ரிட்டர்ன். கையை வைத்துப் பாருங்கள். இடது கையின் இரண்டு விரல் கீழ் வரிசையில், இடம் வலம் பார்த்துக்கொள்ளும். வலது கையில் இரண்டு விரல் ஒன்றின் மேல் ஒன்றாக, மேல் கீழ் பார்த்துக்கொள்ளும். கீயின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை, அது விரலுக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கேமுக்கு ‘இடப்படி’ வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அம்புக்குறி கீ அதில் இல்லையா? இருந்தது. ஆனால் அது திரையில் எடிட் செய்வதற்கென்று ஒதுக்கியது. ‘காப்பி’ என்று ஒரு கீயும் உண்டு. அம்புக்குறியால் பழைய வரிக்குப் போய் காப்பி கீயை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த வரி கீழே படியெடுக்கும். ப்ரோக்ராமில் ஒரு எழுத்தைத் திருத்த முழு வரியையும் மறுபடி அடிக்க வேண்டியதில்லை.

இப்போது மலைக்கு வருவோம். ஐந்து கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஐந்தாறு பிள்ளைகள் நிற்பார்கள். வழக்கமாக நடப்பது என்ன? தைரியமான ஒரு பையன் உட்கார்ந்து ஆடுவான், மற்றவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள், பெண் பிள்ளைகள் இரண்டாம் வரிசையில். இந்த நான்கு கீ அமைப்பு அதற்கு ஒரு நல்ல மருந்து. இடது கை வேலையை ஒரு பிள்ளைக்கும் வலது கை வேலையை இன்னொரு பிள்ளைக்கும் கொடுத்துவிடுங்கள். இடம் வலம் ஒருத்தி, மேல் கீழ் இன்னொருத்தன். பேசிக்கொள்ளாமல் ஒரு அடி நகர முடியாது.

அதற்கேற்ற கேம் ‘ரெப்டன்’. 1985ல் சுப்பீரியர் சாஃப்ட்வேர் வெளியிட்டது, எழுதிய டிம் டைலர் அப்போது பள்ளி வயதுப் பையன். மண்ணைத் தோண்டிக்கொண்டு போய் வைரங்களைப் பொறுக்க வேண்டும். மேலே பாறை இருக்கும். கீழே இருக்கும் மண்ணை எடுத்தால் பாறை விழும், நீ அடியில் இருந்தால் காலி. முட்டை உடைந்தால் பூதம் வரும். அவசரப்படுபவர்கள் தோற்பார்கள், யோசிப்பவர்கள் ஜெயிப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து ‘இப்ப மேல போனா கல்லு விழும் புள்ள’ என்று சண்டை போட்டுக்கொண்டே ஆடுவதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். 1986ல் வந்த ‘ரெப்டன் 3’-ல் நாமே புது லெவல் வரைவதற்கு எடிட்டரும் உண்டு. நான்காம் நாள் அதைத் திறந்து கொடுத்தால், ஒரு குழு வரைந்ததை இன்னொரு குழு ஆடலாம்.

எல்லா கேமும் இந்த நான்கு கீயில் நிற்காது. ‘சக்கி எக்’ என்ற ஏணி ஏறும் கேமில் ஏ மேலே, இசட் கீழே, கமா இடது, புள்ளி வலது, ஸ்பேஸ் தாவ. கைகளின் வேலை அப்படியே தலைகீழ். ‘எலைட்’ இன்னும் ஒரு படி மேலே. 1984ல் இயன் பெல்லும் டேவிட் பிரேபனும் எழுதியது. விண்வெளிக் கப்பலை ஓட்டி வியாபாரம் செய்ய வேண்டும். எஸ் அழுத்தினால் மூக்கு கீழே இறங்கும், எக்ஸ் அழுத்தினால் மேலே ஏறும், கமாவும் புள்ளியும் கப்பலைப் பக்கவாட்டில் உருட்டும், ஸ்பேஸ் வேகம் கூட்ட, ஸ்லாஷ் குறைக்க, ஏ சுட. நிலையத்திலிருந்து கிளம்ப சிவப்பு பூஜ்யம், அதாவது எஃப் 10. இதில் இடது வலது திரும்புவது என்பதே கிடையாது! முதலில் உருள வேண்டும், பிறகு மூக்கைத் தூக்க வேண்டும், விமானம் திரும்புவது மாதிரி. எட்டு கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள், எல்லாம் 32கே மெமரிக்குள். எப்படி முடிந்தது? உலகங்களைச் சேமித்து வைக்கவில்லை. ஒரு சின்ன விதை எண்ணிலிருந்து ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டு உண்டாக்கினார்கள். பிள்ளைகளுக்கு எலைட் வேண்டாம், கஷ்டம். இரவில் முகாமில் நீங்கள் ஆடுங்கள்.

கெட், இன்கீ, கழித்தல் இன்கீ

கேம் ஆடுவதோடு நின்றால் மொபைலே போதுமே, மலைக்கு ஏன் சுமக்க வேண்டும்? இந்த மெஷினில் கேம் ஆடிய அதே திரையில், எஸ்கேப் தட்டிவிட்டு உங்கள் கேமை எழுதலாம். அதற்கு முதலில் புரிய வேண்டியது, கீ அழுத்துவதை மெஷின் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பது. நம் சிலபஸில் இன்டரப்ட், போலிங், பஃபர் என்று மூன்று மார்க் கேள்விக்குப் படிக்கிறோமே, அது இங்கே கையில் தட்டுப்படும்.

பேசிக்கில் மூன்று வழி. ‘கெட்’ போட்டால் மெஷின் நின்றுவிடும், யாராவது கீ அழுத்தும்வரை நகராது. எதிரிக் கப்பலும் சேர்ந்து நின்றுவிடும், கேமுக்கு உதவாது. ‘இன்கீ’ போட்டு ஒரு எண் கொடுத்தால், அத்தனை நூறில் ஒரு பங்கு விநாடி மட்டும் காத்திருக்கும். இன்கீ(100) என்றால் ஒரு விநாடி. ஆனால் இது கீபோர்டைப் பார்ப்பதில்லை, கீபோர்டு நிரப்பி வைத்த வரிசையிலிருந்து ஒன்றை எடுக்கிறது. நீங்கள் கீயை அழுத்திப் பிடித்தால் எழுத்துகள் அந்த வரிசையில் குவியும். கையை எடுத்த பிறகும் வரிசை தீரும்வரை கப்பல் போய்க்கொண்டே இருக்கும். பிரேக் பிடிக்காத டவுன் பஸ் மாதிரி.

மூன்றாவதுதான் சங்கதி. இன்கீக்குக் கழித்தல் எண் கொடுத்தால் வரிசையை விட்டுவிட்டு, அந்த ஒரு கீ இந்த நொடியில் அழுத்தியிருக்கிறதா இல்லையா என்று நேராகப் பார்க்கும். இசட்டுக்கு -98, எக்ஸுக்கு -67, கோலனுக்கு -73, ஸ்லாஷுக்கு -105, ரிட்டர்னுக்கு -74, ஸ்பேஸுக்கு -99. அழுத்தியிருந்தால் உண்மை, இல்லாவிட்டால் பொய். இரண்டு கீ ஒரே நேரத்தில் அழுத்தினாலும் இரண்டும் தெரியும். ஓடிக்கொண்டே சுடுவது இப்படித்தான்.

கீழே ஒரு சின்ன ப்ரோக்ராம். இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், மெஷினில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். ‘எம்%’ என்பது எம் எழுத்தும் சதவீதக் குறியும், முழு எண் வேரியபிள். சின்ன எழுத்தில் அடித்தால் மிஸ்டேக்தான்.

10 மோடு 7
20 எம்%=20
30 ரிபீட்
40 *எஃப்எக்ஸ் 19
50 பிரின்ட் டேப்(எம்%,12)" ";
60 இஃப் இன்கீ(-98) அன்ட் எம்%>0 தென் எம்%=எம்%-1
70 இஃப் இன்கீ(-67) அன்ட் எம்%<38 தென் எம்%=எம்%+1
80 பிரின்ட் டேப்(எம்%,12)"ஏ";
90 அன்டில் ஃபால்ஸ்

‘ரன்’ கொடுங்கள். திரையின் நடுவில் ஒரு ஏ எழுத்து. இசட் அழுத்தினால் இடது, எக்ஸ் அழுத்தினால் வலது. மோடு 7 என்பது 40 எழுத்து அகலம், 25 வரி, ஒரே ஒரு கே மெமரி. 16 வண்ண மோடு 2-ஐ எடுத்தால் படத்துக்கே 20கே போய்விடும். மிச்ச இடத்தில் கேமை அடைத்தவர்களை நினைத்துப் பாருங்கள். 40-ம் வரி, டிவி அடுத்த படம் வரையத் தொடங்கும்வரை காத்திருக்கும், விநாடிக்கு 50 முறை. அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், எழுத்து சிமிட்டும், வேகமும் கன்னாபின்னா என்று போகும். இரண்டு முறை போட்டால் வேகம் பாதியாகும். பிள்ளைகளிடம் காரணம் சொல்லாமல் முதலில் செய்து பார்க்க விடுங்கள்.

60, 70-ம் வரிகளில் இருக்கும் எண்களை மாற்றினால் கன்ட்ரோல் மாறும். இசட்டுக்குப் பதில் ரிட்டர்ன் வேண்டும் என்றால் -98 இருக்கும் இடத்தில் -74. மற்றவர் எழுதிய கேமில் அவர் வைத்த கீதான், தான் எழுதியதில் தான் வைத்த கீ. ஒரு பிள்ளை தன் கையால் அந்த எண்ணை மாற்றி, வேறு கீக்கு அந்த எழுத்து நகர்வதைப் பார்க்கும் நிமிடத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

நிறுத்த எஸ்கேப். கை தவறி எஃப் 12 தட்டிவிட்டால் ப்ரோக்ராம் காணாமல் போன மாதிரி இருக்கும். அழ வேண்டாம், ‘ஓல்டு’ என்று அடித்து என்டர் தட்டினால் திரும்பி வரும், ‘லிஸ்ட்’ போட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் புது வரி எதுவும் அடித்துவிடக் கூடாது. முடித்ததும் காலி டிஸ்க் இமேஜில் ‘சேவ்’ போட்டு மேற்கோள் குறிக்குள் பிள்ளையின் பெயர். ஏழு எழுத்துக்குள் சுருக்க வேண்டும், அதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

ராமானுஜன் வருகிறார்

ஜவ்வாது மலைக்கே சொந்தமான ஒரு கேம் செய்யலாம். இதே மலையில் ஆலங்காயம் பக்கம் காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அதன் 2.3 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தது 1986 ஜனவரியில். கீழே பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ வந்துகொண்டிருந்த அதே காலம். 1988ல் காவலூரின் சின்ன ஷ்மிட் தொலைநோக்கியில் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 என்ற எண்ணோடு அதற்கு வைத்த பெயர் ராமானுஜன். கணித மேதை ராமானுஜனேதான். தங்கள் மலையிலிருந்து பார்த்துக் கண்டுபிடித்த கல் ஒன்று வானத்தில் சுற்றுகிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களோ இல்லையோ, நாம் சொல்வோம்.

முதலில் வானம். மோடு 4 போட்டு, ரிபீட், பிறகு ‘பிளாட் 69, ஆர்என்டி(1279), ஆர்என்டி(1023)’, கடைசியில் ‘அன்டில் இன்கீ(-99)’. நான்கே வரி. திரை முழுக்க நட்சத்திரம் பூத்துக்கொண்டே இருக்கும், ஸ்பேஸ் தட்டினால் நிற்கும். 69 என்றால் ஒரு புள்ளி வை என்று பொருள். மற்ற இரண்டும் எங்கே என்பது. கிராஃப் தாளில் செய்த அதே எக்ஸ், ஒய்தான், மூலைப்புள்ளி கீழே இடது பக்கம்.

பிறகு சிறுகோள்கள். முன்னே எழுதிய ப்ரோக்ராமில் கப்பலை 12-ம் வரியிலிருந்து 4-ம் வரிக்கு ஏற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 24-ம் வரியில், அதாவது திரையின் கடைசி வரியில், ஏதோ ஒரு இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியை பிரின்ட் செய்யுங்கள். முடிவில் அரைப்புள்ளி போடாதீர்கள். போடாவிட்டால் கர்சர் அடுத்த வரிக்கு இறங்கப் பார்க்கும், கீழே இடம் இருக்காது, மெஷின் முழுத் திரையையும் ஒரு வரி மேலே தள்ளும். பாறைகள் உங்களை நோக்கி வரும்! நீங்கள் ஒரு பாறையைக்கூட நகர்த்தவில்லை, எல்லாவற்றையும் அந்த ஒரு ஸ்க்ரோல் செய்துவிடுகிறது. திரையைத் தள்ளுவதற்கு முன் பழைய கப்பலை அழிப்பது மட்டும் முக்கியம், இல்லையென்றால் அதுவும் சேர்ந்து மேலே போய் வால் மாதிரி நீளும். ஓட்டம் வேகமாகத் தெரிந்தால் இன்னும் ஒன்றிரண்டு *எஃப்எக்ஸ் 19.

மோதலைக் கண்டுபிடிப்பது உங்களுக்கான வீட்டுப்பாடம். துப்பு மட்டும் தருகிறேன். கர்சரைக் கப்பல் வரப்போகும் இடத்தில் வைத்துவிட்டு, ஏ%-ல் 135 போட்டு ஓஎஸ் பைட் என்ற ரொட்டீனைக் கூப்பிட்டால், அந்த இடத்தில் திரையில் என்ன எழுத்து இருக்கிறது என்று எக்ஸ் ரெஜிஸ்டரில் சொல்லும். அது 42 ஆக இருந்தால், நட்சத்திரக் குறியின் ஆஸ்கி, கதை முடிந்தது. பேசிக்கிலிருந்து கூப்பிட ‘யுஎஸ்ஆர்’ இருக்கிறது. வரும் எண்ணின் இரண்டாவது பைட்தான் எக்ஸ். பழைய மெஷின் என்பதால் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மைக்ரோப்ராசசர் லேப்பில் மூன்று வாரத்தில் கற்பதை இந்த ஒரு வரி சொல்லிக்கொடுக்கும்.

மோதினால் சத்தம் வேண்டாமா? ‘சவுண்ட் 1,-15,20,10’. முதல் எண் சேனல், இரண்டாவது சத்தம், -15 தான் உச்சம். மூன்றாவது சுரம், நான்கு கூட்டினால் ஒரு அரைச்சுரம் ஏறும். கடைசி, எவ்வளவு நேரம், இருபதில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில். ஐந்து கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் இதைக் கற்றுக்கொடுத்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்துவிடுவார், கடைசி நாளுக்கு வையுங்கள்.

ஜாய்ஸ்டிக் பற்றி ஒரு வார்த்தை. பிபிசி மைக்ரோவின் பின்னால் 15 பின் அனலாக் போர்ட் இருந்தது. ‘ஏடிவால்(1)’ என்று கேட்டால் குச்சி இடம் வலமாக எங்கே நிற்கிறது என்று 0 முதல் 65520 வரை ஒரு எண் வரும். நடுவில் விட்டால் ஏறக்குறைய பாதி. அதாவது அம்பு மாதிரி ஆம், இல்லை அல்ல, எவ்வளவு என்றே தெரியும். உள்ளே இருப்பது வெறும் பொட்டென்ஷியோமீட்டர்தான் என்பதால், குச்சிக்குப் பதில் தெர்மிஸ்டரை மாட்டி வெப்பநிலை அளக்கவும் முடியும். எமுலேட்டரில் யுஎஸ்பி கேம்பேடை இணைக்கலாம், ஆனால் மலைக்கு வேண்டாம். ஒன்று இருந்தால் ஐந்து பிள்ளைகளும் அதற்கே சண்டை போடுவார்கள்.

சிலர் கேட்டீர்கள், ஸ்பெக்ட்ரம் எடுத்துப்போகக் கூடாதா என்று. அதுவும் இந்தியாவில் வீடுகளுக்கு வந்ததுதான், 1986ல் டெசிபெல்ஸ் என்ற கம்பெனி உரிமம் வாங்கி டிபி ஸ்பெக்ட்ரம் என்று விற்றது. கேம்கள் ஏராளம். ஆனால் அதில் ஒரு கீயைத் தட்டினால் ஒரு முழுக் கட்டளை வரும், ஜே தட்டினால் ‘லோடு’ என்று வந்து நிற்கும். ஆங்கில எழுத்தையே தேடித் தேடி அடிக்கும் பிள்ளைக்கு அது இன்னும் குழப்பம். பிபிசியில் அடித்தது வரும், அதுதான் நமக்கு வசதி.

கிளம்புவதற்கு முன் நான்கு வேலை பாக்கி. இந்தக் கீ எண்களைப் பெரிய எழுத்தில் ஒரு ஏ4 தாளில் எழுதி ஐந்து படி எடுக்க வேண்டும். விண்டோஸ் பழையதாக இருக்கும், ஆகவே பீப்எம்மின் பழைய பதிப்பு ஒன்றையும் பென்டிரைவில் சேர்த்துப் போடுங்கள். கரண்ட் போனால் எழுதியதெல்லாம் போய்விடும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேவ் என்று கரும்பலகையில் எழுதிவிட ஒருவர் பொறுப்பு. அப்புறம் கீபோர்டு. மூன்று நான்கு கீயைச் சேர்த்து அழுத்தினால் மலிவான கீபோர்டு சிலவற்றை விழுங்கிவிடும், இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஆடும்போது இது கழுத்தை அறுக்கும். இசட், எக்ஸ், ஒற்றை மேற்கோள், ஸ்லாஷ், என்டர் ஐந்தையும் விதவிதமாகச் சேர்த்து அழுத்திப் பார்த்து, தேறிய கீபோர்டு ஐந்தை ஹாஸ்டலிலிருந்து எடுத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்பில் ஒருமுறை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடுவோம்.